தாண்டிப் போன வீடு

அக்டோபர் 5, 2024. சனிக்கிழமை.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பேருந்தில் உட்கார்ந்திருக்கும் வரை சின்னது என்றுதான் நினைத்தேன். கருங்கலில் இறங்கி வகுப்பு நடக்கும் மாடிக்கு ஏறும்போது அது பெரிதாகத் தொடங்கியிருந்தது. மாலை ஜெர்மன் வகுப்பில் அன்றன்றைய நாளைப் பற்றி ஐந்து வரி எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காகக் காத்திருக்கும் நாங்கள் எல்லோரும் காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், மழை பெய்தது என்று எழுதிக்கொண்டு போகிறோம். இன்றைக்கு நடந்ததை எழுத அந்த மொழியில் எனக்குத் தெரிந்த வார்த்தைகள் போதாது. அதனால் தமிழில் தனியாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால் எந்த இடத்தில் பிசகினேன் என்று பிடிபட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். உலையில் போட அரிசி எடுக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடியைத் தனி டின்னில் போட்டுவிட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் பெண்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீடு வீடாகப் போய் அந்த டின்களை ஒரே சாக்கில் கொட்டி வாங்கி வருவார்கள். ஞாயிறு ஆராதனையில் சாக்கைப் பீடத்துக்கு முன்னால் வைத்து ஜெபிப்பார்கள். பிறகு அது அந்த மாதம் அடுப்பு சரியாக எரியாத ஒரு வீட்டுக்குப் போகும். எந்த வீடு என்று கமிட்டி தீர்மானிக்கும். இந்த மாதம் அரிசி வாங்க என்னையும் சபிதாவையும் அனுப்பினார்கள்.

எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். ஏனென்றால் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவள் நான்தான். ஜெயபாய் அக்காவின் கணவர் தாசையன் அண்ணன் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஈஸ்டருக்கு முந்தின வாரம் யாருக்கோ சக்கை பறித்துக் கொடுக்கப் பலாமரத்தில் ஏறி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அக்கா அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கும் வேலையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருக்கிறார். படுத்தே கிடந்ததில் அண்ணனுக்கு முதுகின் அடியில் புண் வந்தது. திங்கள், புதன், வெள்ளி நான் போய்க் கழுவிக் கட்டிவிட்டு வருகிறேன். நேற்று வெள்ளிக்கிழமை கை கழுவ அடுக்களைப் பக்கம் போனபோது அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தின் அடி தெரிந்தது. அவ்வளவு வெள்ளம், வெறும் தண்ணீர். திரும்பும் வழியில் முத்துக்கனி மாமியிடம் அதைச் சொன்னேன். மாமிதான் பெண்கள் சங்கத்தின் செயலாளர். அன்று சாயங்காலமே கமிட்டி கூடி முடிவு செய்துவிட்டது.

அதனால் இன்று அந்தத் தெருவுக்குள் போனபோது சபிதாவிடம், அக்கா வீட்டை விட்டுவிடலாம், வாங்கிக்கொண்டு போய் அங்கேயே கொண்டுவந்து கொட்டுவதில் என்ன அர்த்தம், பாவம், இருக்கிறதில் ஒரு பிடி மிச்சமாகட்டும் என்றேன். சபிதா கொஞ்சம் யோசித்தாள். பிறகு சரி என்றாள். எதிர்ப்பக்க வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். முந்தின வீட்டில் நிற்கும்போதே எங்கள் குரல் கேட்டிருக்க வேண்டும். ஜெயபாய் அக்கா வாசலில் நின்றிருந்தார். தலை வாரி, துவைத்த சேலை கட்டி, கையில் பழைய பால்பொடி டின். நாங்கள் தாண்டினோம். அப்போது பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு அக்கா, அவர் எங்கள் சபை இல்லை, கோவிலுக்குப் போகிறவர், முற்றம் பெருக்குவதை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ளேளே, ஜெயபாய் அங்க டின்னும் வச்சிட்டு நிக்கா. கண்ணு தெரியல்லியா?"

நான் திரும்பிச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"அங்க வேண்டாம் அக்கா. அவங்களுக்கு நாங்கதான் குடுக்கப் போறோம்."

சபிதா என் கையைக் கிள்ளினாள். ஜெயபாய் அக்கா என்னைப் பார்த்தார். பிறகு டின்னைப் பார்த்தார். அது திறந்திருந்தது. மூடியை எடுத்து மெதுவாக அழுத்தி மூடினார். உள்ளே போய்விட்டார். கோபமாகப் போகவில்லை. கோபமாகப் போயிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

எழுதிய பிறகும் பிசகிய இடம் சரியாகப் பிடிபடவில்லை. மாமியிடம் சொன்னதா, வீட்டைத் தாண்டியதா, சத்தமாகச் சொன்னதா? மூன்றையும் நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று எழுதி, அடித்துவிட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு.

ஆராதனையில் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது. அண்ணன் விழுந்த பிறகும் சண்முகவடிவு அக்காவைக் காவலுக்கு வைத்துவிட்டு ஜெயபாய் அக்கா வராத ஞாயிறு இல்லை. பிந்தி வருவார்களோ என்று ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பிப் பார்த்தேன். அரிசிச் சாக்குக்கு முன்னால் நின்று முத்துக்கனி மாமி ஜெபித்தார். நீளமான, உருக்கமான ஜெபம். நடுவில், எங்கள் அன்பு சகோதரி ஜெயபாயின் குடும்பம் படுகிற பாட்டை நீர் அறிவீர் ஆண்டவரே என்று சொன்னபோது கண்ணை மூடியிருந்த எல்லோரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. நானும் கண்ணைத் திறந்துதான் பார்த்தேன்.

மத்தியானம் சாக்கை ஒரு சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு நானும் சபிதாவும் போனோம். பிடியரிசியை நான் இதுவரை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. சம்பா அரிசி, பொன்னி, ரேஷன் அரிசி, பச்சரிசி, யார் வீட்டிலோ பிரியாணிக்கு வாங்கிய நீள அரிசி எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக. இதை உலையில் போட்டால் ஒன்று குழையும்போது ஒன்று வேகாமல் நறுக்கென்று நிற்கும்.

"இதப் பாத்தே ஆரு வீட்டுல என்ன திங்காவன்னு சொல்லிரலாம் ஏட்டி," என்றாள் சபிதா. "அந்த நீட்டு அரிசி கண்டிப்பா மாமி வீடு."

நான் சிரித்தேன். அடுத்த கணமே, இந்த அரிசியை முறத்தில் போட்டுப் புடைக்கிறவர்கள் யாராக இருந்தாலும், எட்டிப் பார்க்கிற யாருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும் என்பது உறைத்தது. இத்தனை வருடம் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு அது வந்ததில்லை, அதனால்தான்.

மதில் வாசல் கதவு கொண்டி போட்டிருந்தது. கூப்பிட்டதும் அக்கா வந்தார். கொண்டியை எடுக்கவில்லை. கொண்டு போங்க மக்களே என்றார். சாதாரணக் குரல்.  நான் நாளைக்குக் காயம் கட்ட வரும்போது பேசலாம் என்று நினைத்து அதைச் சொன்னேன்.

"நாளைக்கு நீ வரண்டாம். நான் கெட்டிக்கிடுவேன்."

சைக்கிளைத் திருப்பினோம். வரும்போது சரிவு, சாக்கு நழுவிக்கொண்டே இருந்தது. தெருவில் இருந்தவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.  சாக்கைப் பாதிரிமனைத் திண்டில் இறக்கி வைத்தோம். போதகர் பக்கத்துச் சபைக்குப் போயிருந்தார். ஆண்கள் ஐக்கியத்திலிருந்து ஒருவர் வந்து, இதற்கு எலி வருமே என்றார்.

அக்டோபர் 7, திங்கள்.

எனக்குத் தெரிந்ததை எழுதிப் பார்க்கிறேன், பயத்தை அளக்க. வெள்ளிக்கிழமை புண்ணின் நடுவில் மஞ்சளாகக் கொஞ்சம் இருந்தது. ஓரம் சிவப்பு. கெட்ட வாடை இல்லை. காய்ச்சல் இல்லை. திருப்பித் திருப்பிப் படுக்க வைத்து, கழுவிக் கட்டிக்கொண்டிருந்தால் அப்படியே பிடித்து நிறுத்தலாம். இல்லையென்றால் உள்ளுக்குள் ஓடும். எலும்பு வரை ஓடினால், ரத்தத்தில் கலந்தால், அதற்குப் பிறகு என் கையில் எதுவும் இல்லை. இதனால்தான் நாகர்கோவிலில் ஒரு பெரிய மருத்துவமனையில் அவரைச் சேர்க்க ஆண்கள் ஐக்கியம் ஏற்பாடு செய்திருக்கிறது. சபையைச் சேர்ந்த ஒரு டாக்டர் பேசிப் படுக்கை வாங்கியிருக்கிறார். வியாழக்கிழமை காலை சபை ஏற்பாட்டில் அனீஷ் அண்ணனின் வேன் வரும். இதெல்லாம் போன வாரமே முடிவானது. அக்கா அப்போது சரி என்றிருந்தார்.

இன்று வர வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தும் போனேன். வாசலில் கொண்டியோடு ஒரு கயிறும் சேர்த்துக் கட்டியிருந்தது. கூப்பிட வாய் வரவில்லை. போனில் கூப்பிட்டேன், உள்ளே மணி அடிப்பது வெளியே எனக்கே கேட்டது. எடுக்கவில்லை. கட்டுத்துணியும் மருந்தும் இருந்த பையை மதில் மேல் வைத்துவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். அதுவும் சாக்கு மாதிரி ஆகிவிடும் என்று தோன்றி எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வைத்திருக்க வேண்டும். மருந்து வேறு, அரிசி வேறு. ஆனால் அங்கே நிற்கும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வகுப்பு முடிந்து இறங்கியபோது பஸ் ஸ்டாப்பில் சண்முகவடிவு அக்கா நின்றிருந்தார். நேற்றிரவு தாசையன் அண்ணனுக்குக் குளிர் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதாம். ஜெயபாய் வந்து மாத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போனாளாம். உங்க சபைக்காரங்ககிட்ட ஒண்ணும் சொல்லப்பிடாதுன்னு சொன்னா, ஆனா நான் சபைக்காரங்ககிட்டயா சொல்லுதேன், உங்கிட்டதானே சொல்லுதேன் என்றார்.

அக்டோபர் 8, செவ்வாய்.

முத்துக்கனி மாமி வீட்டுக்குப் போனேன். இனயம் கடற்கரையிலிருந்து வந்த சாளை மீனை முற்றத்தில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தார். செதில் தெறித்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. குளிர் காய்ச்சல் விஷயத்தைச் சொன்னதும் கத்தி நின்றது. மாமியும் ஞாயிறு சாயங்காலம் போயிருக்கிறார். கதவைத் திறக்காமலே, அவரு உறங்குதாரு, பொறவு வாங்க என்று பதில் வந்ததாம்.

"நான் பின்ன என்னத்தச் செய்ய? கேக்காமக் குடுத்தா நாணக்கேடு. கேட்டுக் குடுத்தா பிச்ச. குடுக்காம இருந்தா கல்நெஞ்சு. ஒரு வழி இருந்தா நீயே சொல்லு."

 கஞ்சி வெள்ளமாக இருந்ததை மாமி ஏன் கமிட்டியில் சொன்னார் என்று கேட்க நினைத்து, நான் ஏன் மாமியிடம் சொன்னேன் என்று அவர் திருப்பிக் கேட்பாரே என்று விட்டுவிட்டேன். கேட்காமலே மாமி அதற்குப் பதில் சொன்னார். நான் வேற எவளுக்கும் சொல்லல்ல டீ, கமிட்டியில மட்டும்தான் சொன்னேன் என்றார். கமிட்டியில் பதினோரு பேர்.

ஆனாலும் அவர் கெட்டவர் இல்லை. அந்தப் படுக்கைக்காக டாக்டர் வீட்டில் போய்க் காத்திருந்தவரும் அவர்தான். நாளை ராத்திரிக்குள் ஜெயபாய் வருகிறாளா இல்லையா என்று அனீஷுக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் டாக்டர் அந்தப் படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்றார். எங்களில் யார் போனாலும் திறக்கமாட்டாள், நீ போ, உன்மேல அவளுக்கு இஷ்டம் என்றார். அந்த இஷ்டம் சனிக்கிழமை வரை இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். மாமி மீனைக் கழுவ எழுந்துவிட்டார்.

வகுப்புக்குப் போகவில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். முதலில் மன்னிப்பு. பிறகு காயம். பிறகு வேன். மறுபடி படித்தபோது மன்னிப்பே வேனுக்காகக் கேட்பது மாதிரி இருந்தது. வரிசையை மாற்றினேன். அப்போது மன்னிப்பு கடைசியில் ஒட்டவைத்தது மாதிரி ஆகிவிட்டது. கிழித்துவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்.

இன்று போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மழை பிடித்திருந்தது. வாசலில் கயிறு இல்லை, கொண்டி மட்டும்தான். திறந்து உள்ளே போய்ப் படிக்குக் கீழே நின்று செருப்பைக் கழற்றினேன். அக்கா சாய்ப்புக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது, ஆரு ஜெயா என்று.

"ஆரும் இல்ல," என்றார் அக்கா.



"ஆரும் இல்லாத்த ஆளு என்னத்துக்குச் செருப்பக் கழத்துது?" என்றார் அண்ணன். "கேறி வா மக்கா. நனையாத."

நான் ஏறவில்லை. எழுதிக் கிழித்த தாளில் இருந்த ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அக்கா, நான் செய்தது தப்பு என்று மட்டும் சொன்னேன். என்ன தப்பு என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. சண்முகவடிவு அக்கா காதில் விழச் சத்தமாகச் சொன்னது என்றேன். அக்கா தலையை ஆட்டினார், அது இல்லை என்பது போல. உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டார்.

"எங்கிட்ட இல்லன்னு உனக்கு ஆரு சொன்னா? கஞ்சியில வெள்ளம் கூடுனது எங்க ரெண்டு பேருக்க காரியம். டின்னுல போட்ட பிடி கர்த்தருக்க காரியம். நீ ரெண்டையும் ஒண்ணாக்கிட்ட."

அடுத்த கிழங்கைக் கையில் எடுத்தார்.

"நானும் இந்தத் தெருவெல்லாம் அரிசி சொமந்திருக்கேன். நீ சண்டே ஸ்கூல் போன காலம். போகும்போ பாட்டு பாடிட்டுப் போவோம். திரும்பி வரும்போ என்ன பேசுவோம்னு எனக்குத் தெரியும் மக்கா. அந்த வீட்டுல ஃபேன் ஓடுது பாத்தியா, அவளுக்குக் காதுல கம்மல் கெடக்கு பாத்தியா. நானும் பேசியிருக்கேன். மாட்டேன்னு சொல்லல்ல."

கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தார். உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. அது எனக்கு அனுமதியா என்று தெரியாமல் கொஞ்சம் நின்றேன். பிறகு போனேன்.

அறையில் பினாயில் வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. வாசலிலேயே தெரிந்துவிட்டது. நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அண்ணனின் உதடு காய்ந்திருந்தது. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. அக்காவும் நானும் சேர்ந்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அக்கா பழைய வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அவித்துக் காயவைத்துச் சுத்தமாகத்தான் கட்டியிருந்தார். கட்டியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கட்டைப் பிரித்ததும் புண்ணின் ஒரு பக்கத்து ஓரம் கறுத்திருந்தது. விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தேன். மேலே தோல் இருந்த இடத்திலும் உள்ளே மெத்தென்று அமுங்கியது.

வெள்ளிக்கும் புதனுக்கும் நடுவில் இவ்வளவு. திங்கட்கிழமை நான் கழுவிக் கட்டியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா? ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம். கழுவும்போதும் கட்டும்போதும் இந்த இரண்டு வாக்கியமும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. அண்ணனுக்கு அந்த இடத்தில் வலி தெரியாது. சுவரைப் பார்த்துக்கொண்டே, மக்கா, ஜெர்மனியில பலாமரம் உண்டுமா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பம் நல்ல ஊருதான் என்றார்.

கட்டி முடித்து, இது வீட்டில் வைத்துப் பார்க்கிற நிலையைத் தாண்டிவிட்டது, நாளைக் காலையில் போயே ஆக வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். நான் சொன்ன விதத்தில் அக்காவுக்குப் புரிந்துவிட்டது.  ஆனாலும், சபை வண்டியில நான் கேறமாட்டேன் என்றார். ஆட்டோவில் இவரை உட்கார வைக்க முடியாது அக்கா என்றேன். தெரியும் என்றார். அண்ணன் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். அவருக்கும் ஒரு விருப்பம் இருக்குமே, அதை ஏன் இருவருமே கேட்கவில்லை என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

பையை மூடினேன். வழக்கம் போல, வாறேன் அக்கா என்றேன்.

"ஓணத்துக்கு முன்னேயிருந்து இந்தப் படி கேறி வாற. ஒரு சாயா குடிச்சியா?"

நான் நின்றுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கட்டி முடித்ததும் அக்கா, இரு மக்கா என்பார். ஒவ்வொரு தடவையும் நான், வேண்டாம் அக்கா, இப்பத்தான் வீட்டுல குடிச்சேன் என்பேன். பொய்தான். அந்தப் பாலும் சீனியும் அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்று. அதை ஒரு நல்ல காரியமாக மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"ஜெயாவுக்க சாயாவக் குடிக்காததுக்கு அவளக் குத்தம் சொல்லாத," என்றார் அண்ணன் சுவரிடம். "நானே வேற வழியில்லாமத்தான் குடிக்கேன்."

அக்கா சிரிக்கவில்லை. அடுக்களைக்குள் போனார். நான் தரையில் உட்கார்ந்தேன். கிழங்கு வேகும் வரை உட்கார்ந்திருந்தேன். ஜெர்மன் வகுப்புக்கான பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. ஒரு தட்டில் அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். கை கழுவியிருந்தும் விரலில் மருந்து வாடை இருந்தது. சாப்பிட்டேன். அது அவர்களின் ராத்திரிச் சாப்பாடு. திறந்த கதவு வழியாகப் பாத்திரம் தெரிந்தது, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்துவிட்டேன். தட்டு காலியானதும் அக்கா இன்னும் இரண்டு துண்டு எடுத்து வைத்தார். போதும் அக்கா என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. கிழங்கோடு சேர்த்து அதை விழுங்கினேன். காரத்தில் கண்ணில் நீர் வந்தது, காரம் என்றே அக்காவும் எடுத்துக்கொண்டிருப்பார். எதிரே உட்கார்ந்து, கடைசித் துண்டு தீரும் வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இதுவரை யார் வீட்டிலும் இவ்வளவு கஷ்டப்பட்டுச் சாப்பிட்டதில்லை.

தட்டை எடுக்கும்போது, உனக்க அந்தக் கத்திரிய வச்சிட்டுப் போ, நாளைக்குத் தாறேன் என்றார். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தேன்.

வெளியே குழாயில் கை கழுவிவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. மழை இருட்டில் நேரத்தோடே விளக்குப் போட்டிருந்தார்கள். அக்கா பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்திருந்தார். அண்ணன் ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு வரும் முழுக்கைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாதது. அதைக் கட்டிலின் ஓரத்தில் குப்புற விரித்து, காலருக்குக் கீழே கத்திரியை வைத்து, முதுகின் நடுவே கீழ்நோக்கி வெட்டத் தொடங்கினார். முதுகைத் திறந்தால்தான் எழுந்து உட்கார முடியாதவருக்கு முன்பக்கமாகப் போர்த்திக் கைகளை நுழைக்க முடியும். நல்ல துணி, கத்திரி சிறியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்டுப்பட்டது.

"நேரா வெட்டு ஜெயா," என்றார் அண்ணன். "ஊரு பாக்கியது."

அக்கா நிமிரவில்லை. நான் சத்தமில்லாமல் வாசலுக்கு வந்தேன்.

அனீஷ் அண்ணனைக் கூப்பிட்டு, காலை ஆறரைக்கு வண்டியைக் கொண்டு வாங்க என்று சொல்லிவிட்டேன். அக்கா வருவதாகச் சொன்னார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அக்கா சொல்லவில்லை. ஒரு சட்டையைப் பார்த்துவிட்டு நானாக முடிவு செய்தேன். மறுபடியும் அவர்களைக் கேட்காமல் ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறேனோ என்று அப்போதிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாமி இரண்டு தடவை போன் செய்தார். கூட வருவதற்குப் பெண்கள் சங்கத்திலிருந்து நாலு பேர் தயார் என்றார். வேண்டாம் மாமி, நீங்கள் மட்டும் வாருங்கள், வாசலில் நின்று ஜெபிக்க வேண்டாம் என்றேன். மாமியிடம் நான் இப்படிப் பேசியதில்லை.  மாமி, செரி என்றார்.

அந்தக் கறுப்பு ஓரம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நாளை: வண்டி வருவதற்கு முன் போய்க் காய்ச்சல் பார்த்து, கட்டை மாற்ற வேண்டும். அக்கா சாயா போடுவார்கள். வீட்டில் எதுவும் குடிக்காமல் போக வேண்டும்.